தங்கம் போன பின் மிஞ்சிய சுவர்கள்

கோலார் தங்க வயலின் பங்களாக்களைப் போற்ற ஆள் இருக்கிறது. சுரங்கத்தைச் சுமந்தவர்களின் லைன் வீடுகளும் அவர்களை நம்பி எழுந்த கடைத்தெருவும் கணக்கில் வராமலே கரைந்துகொண்டிருக்கின்றன.

பங்காரப்பேட்டையில் பிரியும் கிளைப் பாதையில் ரயில் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று நின்று நின்று போய் மாரிக்குப்பத்தில் முடிந்துவிடுகிறது. மொத்தம் 16 கி.மீ.தான். 1894-ல் தங்கச் சுரங்கங்களுக்காகப் போடப்பட்ட பாதை. அன்று அது இயந்திரங்களையும் தளவாடங்களையும் உள்ளே கொண்டுவந்தது. இன்று ஊர்க்காரர்களை வெளியே கொண்டுபோகிறது. விடிவதற்கு முன்பே சாப்பாட்டு டப்பாவோடு பெங்களூருக்குக் கிளம்புகிறவர்கள், இரவு விளக்கு வைத்து வெகுநேரமான பிறகே வீடு திரும்புகிறார்கள். சுரங்கத்தின் ஷிப்ட் போய் ரயிலின் ஷிப்ட் வந்திருக்கிறது.

பகல் வேளையில் ஊரிகத்தில் இறங்கி நடந்தால் ஊரின் சந்தடி குறைந்து, கட்டடங்கள் தனித்துத் தெரிகின்றன. மரங்கள் அடர்ந்த வளாகத்துக்குள் அகன்ற தாழ்வாரமும் கூரான மர முகப்பும் கொண்ட பங்களா. கொஞ்ச தூரத்தில் சின்ன முற்றமும் இரட்டைக் கதவும் கொண்ட குவார்ட்டர்ஸ். அதையும் தாண்டினால் ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்டாற்போல நீளும் லைன் வீடுகள். இவற்றுக்கெல்லாம் பின்னணியாக, அரைத்துச் சலித்துத் தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண்ணின் சாம்பல் நிற மேடுகள். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'சைனைட்'.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஒருவரின் முகவரியைக் கேட்டாலே அவரது பதவியும் சம்பளமும் தெரிந்துவிடும். பெரும்பாலும் தோலின் நிறமும் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எழுதிய ஏடுகள் போனாலும், எழுதிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. எவ்வளவு நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி.

தட்டியில் தொடங்கிய நகரம்

ஊரிகம் சுரங்கத்தால் பிறந்த ஊர் அல்ல. 1802-ல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் வந்தபோது, ஊரிகம், மாரிக்குப்பம் கிராமத்து மக்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுப்பதைக் கண்டு குறித்துவைத்தார். அந்தக் குறிப்பை எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நம்பியவர் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூஸிலாந்தின் மாவோரிப் போரில் சண்டையிட்டு ஓய்வுபெற்று பெங்களூரில் தங்கியிருந்தவர். 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். பணம் போதவில்லை. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் களத்தில் இறங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலாகாட் என்று கம்பெனிகள் வரிசையாக முளைத்தன.

வேலைக்கு ஆள் வேண்டும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பான்மையினர் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்களுக்கு முதலில் கிடைத்த வீடு, தட்டி வீடு.

மூங்கிலைப் பிளந்து பின்னிய பாய்தான் சுவர். விரிசலை அடைக்கச் சேறு. மேலே புல்லோ தகரமோ. குனிந்து நுழைந்தால் உள்ளே நிமிர்ந்து நிற்க நடுவில்தான் இடம் இருக்கும். காற்று வேண்டிய மட்டும் வரும், மழையும் வரும். ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் வரிசையே எரியும். அடுத்த வீட்டின் இருமல் இந்த வீட்டில் கேட்கும். சுரங்கத் தொழிலில் அந்த இருமலுக்குப் பொருள் வேறு. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் இந்த ஊரின் தீராத நோயாக இருந்தது.

தட்டியைக் கம்பெனிகள் விரும்பியதற்குக் கணக்கு இருந்தது. தங்க ரேகை எவ்வளவு தூரம் போகும், எத்தனை ஆண்டு தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கொடுக்க வேண்டும். நாளைக்கே மூட நேரலாம் என்ற தொழிலில் கூலிக்காரனின் சுவருக்குச் செங்கல் வாங்குவது வீண் செலவு. ஆனால் தற்காலிகம் என்று போட்ட தட்டி, தலைமுறைகளைக் கண்டது. 1930கள் வரையிலும் தங்க வயலில் தட்டி வீடுகள் ஏராளமாக இருந்தன.

அந்தத் தட்டி வீடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. மூங்கிலுக்கு நூறாண்டு ஆயுள் கிடையாது. இந்த நகரத்தில் அதிகம் பேர் அதிக காலம் வாழ்ந்த வீட்டு வகை, ஒரு மாதிரிகூட மிஞ்சாமல் மறைந்துவிட்டது.

மேட்டில் ஒரு குட்டி இங்கிலாந்து

பங்களாவின் கதை வேறு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரம், மிதமான வெயில், மாலையில் குளிர்காற்று. வந்த வெள்ளையர்களில் கணிசமானோர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள். அங்கே தகரமும் செம்பும் வெட்டிய சுரங்கங்கள் நொடித்துப்போனதால் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மெக்ஸிகோ என்று கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வந்தார்கள். ரெட்ரூத், கேம்போர்ன் போன்ற சின்னச் சந்தை ஊர்களில் கருங்கல் சுவருக்குள் இரண்டு மூன்று அறைகளில் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஊரிகத்தில் பங்களா கிடைத்தது. சொந்த ஊரில் அவர்களும் தொழிலாளர்கள். கடல் கடந்ததும் துரை ஆனார்கள்.

கட்டட வகையும் கலப்புதான். பங்களா என்ற சொல்லே வங்காளத்து வீட்டிலிருந்து வந்தது. நாலு புறமும் தாழ்வாரம் இறங்கிய அந்த வீட்டை வெள்ளையர்கள் இந்தியா முழுவதும் கொண்டுபோனார்கள். மைசூர்ச் சீமையில் அதற்கு ஒரு தனி அலங்காரம் சேர்ந்தது. ஜன்னல்களுக்கும் தாழ்வாரத்துக்கும் மேலே கூம்பாக இறங்கும் மரக்கூரை, அதன் விளிம்பில் தொங்கும் பட்டிகை வேலை. பெங்களூர் கன்டோன்மென்ட்டில் 'மங்கி டாப்' என்று அழைக்கப்படும் அதே முகப்பு தங்க வயலிலும் உண்டு. ஓடு மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியில் பரவி, தென்னிந்தியக் கூரைகளையே மாற்றிய தட்டையோடு அது.

உள்ளே உயரமான கூரை, சூடு வெளியேற மேல் ஜன்னல், குளிர்காலத்துக்குக் கணப்பு. சமையலறை தள்ளி இருக்கும். வேலைக்காரர் குடிசை இன்னும் தள்ளி. சுற்றிலும் புல்வெளி. ஜிம்கானா பாணியில் கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் இருந்ததால் 'லிட்டில் இங்லண்ட்' என்று பெயர் வந்தது. அந்தப் புல்வெளி பசுமையாக இருக்க, பேத்தமங்கலத்தில் பாலாற்றின் தண்ணீரைத் தேக்கிக் குழாயில் கொண்டுவந்தார்கள். அதே பாலாறு கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஓடுகிறது. கூலிக்கு வந்தவர்களில் பலர் அந்த ஆற்றங்கரைக் கிராமத்தினர். வறண்ட ஆற்றைவிட்டு மேலே வந்தவர்கள், அதே ஆற்றின் தண்ணீருக்காகத் தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

மின்சாரமும் அப்படித்தான். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி வழியாக இங்கே வந்துசேர்ந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு நீளமான மின்தடம் உலகிலேயே அபூர்வம். பெங்களூருக்கே 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. மின்சாரம் முதலில் போனது சுரங்க இயந்திரங்களுக்கு, அடுத்து பங்களாக்களுக்கு. லைன் வீட்டில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான்.

நடுவில் இருப்பவர்கள்

பங்களாவுக்கும் லைனுக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு உண்டு. மேற்பார்வையாளர்கள், எழுத்தர்கள், இயந்திரம் ஓட்டுபவர்கள் என்று நடுத்தர வேலைகளில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களுக்கும், பிற்காலத்தில் மேலே வந்த இந்தியர்களுக்கும் கட்டிய குவார்ட்டர்ஸ். இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள். பங்களாவின் தாழ்வாரம் இங்கே நாலு நாற்காலி போடும் அளவுக்குச் சுருங்கும். கூம்பு முகப்பின் அலங்காரம் ஒற்றைப் பலகையாக மாறும். தோட்டம் தொட்டிச் செடியாகும். மேலே இருப்பவரின் வீட்டைச் சின்னதாகப் பிரதி எடுத்து நடுவில் இருப்பவருக்குக் கொடுப்பது நிர்வாகத்தின் தந்திரம். மேலே ஏற ஆசை வரும். கீழே விழப் பயம் வரும்.

தாழ்வாரத்தின் அகலத்தை அளந்தாலே பதவியைச் சொல்லிவிடலாம். பங்களாவில் அது உட்காரும் அறை. குவார்ட்டர்ஸில் செருப்பு விடும் இடம். லைனில் அது கிடையாது. கதவைத் திறந்தால் தெரு.

லைன் என்பது ஒரு சட்டம்

லைன் என்ற சொல் ராணுவத்திலிருந்து வந்தது. சிப்பாய்களை வரிசையாகக் குடிவைத்த கொட்டடிகளுக்கு அந்தப் பெயர். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனாலும், இலங்கை மலையகத்தில் 'லயன்' என்று கேட்டாலும், இதே கட்டடம்தான். ஒரு நீண்ட கூரை. அதன் அடியில் குறுக்குச் சுவர்கள். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு குடும்பம். கடல் தாண்டிப் போன தமிழனும் மலை ஏறிப் போன தமிழனும் சுரங்கத்தில் இறங்கிய தமிழனும் ஒரே வரைபடத்துக்குள் குடியிருந்திருக்கிறார்கள்.

தங்க வயலில் தட்டிக்குப் பதிலாகக் கல்லும் செங்கல்லும் கொண்ட லைன்கள் படிப்படியாக வந்தன. ஒரே அறை. மூலையில் அடுப்பு. சில வரிசைகளில் முன்புறம் ஒரு சின்ன மறைப்பு. கூரை ஓடு அல்லது தகரம். பிற்காலத்தில் சிமென்ட் ஷீட். ஜன்னல் சின்னது. பெரிதாக வைத்தாலும் பயன் இல்லை. காற்றடிக்கும் மாதங்களில் சைனைட் மேட்டின் தூசு சோற்றில் விழும்.

ஆனால் வாழ்ந்தவர்கள் அந்த ஓர் அறைக்குள் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குவார். பிள்ளைகள் தெருவில் படிப்பார்கள். மகன் வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பாயில் தந்தை படுப்பார். வீட்டுக்கு வெளியே இருந்த தெருதான் கூடம், கல்யாண மண்டபம், சாவு வீட்டின் பந்தல், கூட்டம் போடும் மேடை எல்லாம்.

அந்தத் தெருவிலிருந்து பெரிய காரியங்கள் எழுந்தன. அயோத்திதாச பண்டிதரின் தமிழ்ப் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் நடத்திய 'தமிழன்' இதழின் பெயரிலேயே ஜி. அப்பாதுரையார் 1926 முதல் தங்க வயலிலிருந்து பத்திரிகை நடத்தினார். இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றித் தந்தது. ஓர் அறை வீட்டுக்காரர்கள் அச்சகத்தையும் வாசிப்பு மன்றத்தையும் தாங்கினார்கள்.

1930 ஏப்ரலில் தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதிவு செய்யக் கம்பெனிகள் முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. லைன்களில் கண்காணிப்புக்குக் குறைவு இல்லை. தங்கத் திருட்டைத் தடுக்கப் பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் அடங்கிய வாட்ச் அண்ட் வார்டு படை எப்போதும் சுற்றிவந்தது. யார் எங்கே போகிறார்கள் என்று ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரிய வேண்டும். அதற்காகவே நேர்கோட்டில் கட்டியது போன்ற வரிசைகள். ஆனால் ஒரு முனையில் சொன்ன சேதி மறுமுனையை எட்டுவதற்கும் அதே நேர்கோடு உதவியது.

அடியில் இன்னொரு நகரம் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாளாமல் வெடிக்கும். முதலில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். பிறகு 'ராக் பர்ஸ்ட்'. கீழே வெடித்தால் மேலே பாத்திரங்கள் குலுங்கும். பெரிய வெடிப்புகளில் மேலே இருந்த கட்டடங்களும் விரிசல் கண்டன. லைனில் இருந்த பெண்களுக்கு அந்தக் குலுக்கலின் பொருள் தெரியும். இந்த ஷிப்டில் யார் கீழே இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள்.

லைன் வீட்டில் இல்லாத இன்னொன்று கழிப்பறை. வரிசைக்குப் பின்னால் தள்ளி, பொதுவாக ஒன்று. நாள்தோறும் மனிதர்கள் வந்து கையால் அள்ளிப் போகும் உலர் கழிப்பறை. சுரங்கம் மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் குடியிருப்புகளில் அந்த வழக்கம் தொடர்ந்தது, 2011-ல் மனித உரிமை அமைப்புகளின் முயற்சியால் வெளிச்சத்துக்கு வந்து நாட்டையே தலைகுனிய வைத்தது. வரைபடத்தில் ஒரு கோடு விட்டுப்போனால் அதை ஒரு சாதி தன் தலையில் சுமக்க நேர்கிறது.

எண்ணிட்ட பலகைகள்

கம்பெனியின் எல்லைக்குள் கடை வைக்கக் கெடுபிடி. ஆனால் பல்லாயிரம் கூலிக்காரர்களுக்கு அரிசியும் துணியும் வேண்டும். பெங்களூரைத் தாக்கிய பிளேக், நெரிசலான குடியிருப்புகளின் ஆபத்தை அதிகாரிகளுக்கு உணர்த்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரங்க எல்லைக்கு வெளியே திட்டமிட்டு அமைத்த பேட்டைகள்தான் வெள்ளை அதிகாரிகளின் பெயரைத் தாங்கிய ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும். ராபர்ட்சன்பேட்டையில் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள். பிரிச்சர்டு ரோடு என்ற பெயர் இன்னும் பிழைத்திருக்கிறது.

இந்தக் கடைத்தெருவில் பழைய கட்டடம் என்றால் அது கடையும் வீடும் சேர்ந்ததுதான். குறுகிய முகப்பு, நீண்ட உடல். மழைத் தண்ணீர் ஏறாதபடி உயர்த்திய மேடை; ஏறக் கருங்கல் படி. முன்னால் கடை. அதன் மேல் பரணில் மூட்டைகள். நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன முற்றம். பின்னால் சமையலறை, கிணறு. வசதி கூடியவர்கள் மாடி எழுப்பிக் குடும்பத்தை மேலே கொண்டுபோனார்கள். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளை வைத்து, சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி அடுக்கும் முறை. கோடையில் குளிர்ச்சி தரும். ஆனால் சுண்ணாம்பு அரைக்கவும் அந்தச் செங்கலைச் சாய்த்து நிறுத்தவும் தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது.

பழைய கடைக்கு ஷட்டர் கிடையாது. மேலும் கீழும் வெட்டிய பள்ளத்தில் ஒவ்வொன்றாக நகர்த்திச் சொருகும் பலகைகள். அவற்றுக்கு எண் உண்டு. 4-க்குப் பக்கத்தில் 6 போனால் கடைசிப் பலகை நுழையாது, கடை பூட்டாது. கடைப் பையனுக்கு முதல் பாடம் அந்த எண்வரிசை. காலையில் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தத்தில்தான் தெரு விழிக்கும்.

சம்பள நாளில் இந்தத் தெருவே ஊர். மற்ற நாட்களில் கணக்கு நோட்டு. மாதம் முழுவதும் கடனில் வாங்கிச் சம்பளத்தில் அடைப்பது வழக்கம். முடியாதபோது அடகுக் கடை. அதன் அமைப்பே தனி: முன்னால் கம்பி அளி, அதற்குள் குறுகிய ஜன்னல், உள்ளே தரையில் விரித்த வெள்ளை மெத்தை, பின்னால் கனத்த இரும்புப் பெட்டி. கீழே இருந்து தங்கத்தை மேலே அனுப்பியவனின் மனைவியின் கம்மல் அந்தப் பெட்டிக்குள் போகும். சுரங்கம் அதன் ஆயுளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்தது என்கிறார்கள். லைன் வீடுகளுக்கு வந்த தங்கம் பெரும்பாலும் இந்த ஜன்னல் வழியாகத்தான் போய் வந்தது.

ஆனாலும் தொழிலாளிக்கு இந்தத் தெரு ஒன்றைக் கொடுத்தது. சொந்தக் கிராமத்தில் மேல்தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், இங்கே கடையின் கல் படி ஏறி, சாமானைக் கையால் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி வாங்கினான். சாதி இங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் காசு கையில் இருந்த நாளில் படி தடுக்கவில்லை. கடையின் அந்த இரண்டு கருங்கல் படிக்கு அந்த அளவுக்கு வரலாறு இருக்கிறது.

இன்று அந்தப் படிகளைச் சாலை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்ட தாரில் கடை தாழ்ந்துவிட்டது. பலகைகள் விறகாகி, ஷட்டர் இறங்கிவிட்டது. மர உத்தரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட், முன்னால் கண்ணாடி, மேலே அகன்ற விளம்பரப் பலகை. பலகையில் கன்னடம், கல்லாவில் தமிழ் என்பது மட்டும் மாறவில்லை. நிமிர்ந்து மாடியைப் பார்த்தால்தான், விளம்பரத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும் சுண்ணாம்பு வளைவில் பழைய தெரு தெரிகிறது.

யாருடைய சொத்து?

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும் வந்தன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. வெள்ளையர் போனதும் பங்களாவில் இந்திய அதிகாரிகள் குடியேறினார்கள். லைனில் பழையவர்களே இருந்தார்கள். 2001-ல் நஷ்டக் கணக்கைக் காட்டிச் சுரங்கம் மூடப்பட்டது. இறைப்பு நின்றதும் ஆழத்தில் தண்ணீர் ஏறியது. மேலே வீடுகள் கேட்பாரற்றுப் போயின.

நிறுவனத்தின் கையில் இருந்த நிலம் சுமார் 12,000 ஏக்கர். அதை என்ன செய்வது என்பதில் மத்திய அரசு, மாநில அரசு, முன்னாள் தொழிலாளர்கள் என்று மூன்று தரப்பு. உலகளாவிய டெண்டர் விடலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 ஜூனில், சுமார் 1,000 ஏக்கரில் பரவியுள்ள 13 சைனைட் மேடுகளை மீண்டும் சலித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண்ணுக்கு விலை உண்டு. மண்மேட்டின் அடியில் இருக்கும் வீட்டுக்கு?

மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பது மூடிய நாளிலிருந்தே ஊரின் முதல் கவலை. பட்டா இல்லாத வீட்டுக்கு வங்கியில் கடன் கிடைக்காது. ஆனால் கூரை ஒழுகினால் கடிதம் எழுதிக் காத்திருக்க முடியாது. எனவே ஜனங்கள் தங்கள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டார்கள். முன்புறம் ஓர் அறை இழுத்தார்கள். பின்புறம் குளியலறை சேர்த்தார்கள். வரிசையின் சுவர் ஒரே நிறத்தில் இருந்தது போய் வீட்டுக்கொரு நிறம். பழமை விரும்பிகளுக்கு இது கண்ணை உறுத்தலாம். ஆனால் கம்பெனி மறுத்த தாழ்வாரத்தை நூறாண்டு கழித்துத் தாங்களே கட்டிக்கொண்டவர்களின் வேலை அது. அதுவும் கட்டடக்கலை வரலாறுதான்.

இங்கேதான் கார்ன்வாலைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1947-ல் வந்த நகர்ப்புற, ஊர்ப்புறத் திட்டச் சட்டம் பழைய கட்டடங்களைப் பட்டியலிட வழிசெய்தது. சந்தை ஊர்களில் கீழே கடையும் மேலே வீடுமாக நிற்கும் சாதாரண வணிகனின் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உரிமையாளரே ஆனாலும் அனுமதி இல்லாமல் முகப்பை இடிக்க முடியாது. 2006-ல் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் இயந்திரக் கூடங்கள் மட்டுமல்ல, தொழிலாளர்களின் சிறு வீடுகளும் சந்தை ஊர்களும் அடங்கும். ஊரிகத்துப் பங்களாவில் குடியிருந்தவரின் தாத்தா வீட்டைப் பிரிட்டன் பாதுகாக்கிறது. அவருக்குக் கீழே சுரங்கத்தில் இறங்கியவரின் வீட்டைப் பாதுகாக்க இங்கே வகை இல்லை.

நம்முடைய 1958-ம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டு கடந்த சின்னங்களைத்தான் பார்க்கிறது. அதன் கண்ணுக்குப் படுவது கோயிலும் கோட்டையும் கல்லறையும். மாநிலங்களில் பாரம்பரியக் கட்டடம் என்றால் அரண்மனை, சர்ச், பங்களா. கூலிக்காரனின் குடியிருப்பு அந்த வார்த்தைக்குள்ளேயே வருவதில்லை. சினிமா மட்டும்தான் விதிவிலக்கு. 2018-ல் 'கே.ஜி.எஃப்.', 2024-ல் 'தங்கலான்' என்று இந்த ஊரின் பெயரும் வரலாறும் திரைக்குப் போயின. படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சைனைட் மேட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எதிரில் இருக்கும் லைனுக்குள் நுழைவதில்லை.

அளந்தாவது வைக்கலாம்

எல்லா லைனையும் அப்படியே நிறுத்திவைக்கச் சொல்வது அநியாயம். கழிப்பறை இல்லாத ஓர் அறையில் யாரையும் வரலாற்றின் பெயரால் குடியிருத்த முடியாது. மக்களுக்குத் தேவை பட்டா, கழிவுநீர்க் குழாய், ஒழுகாத கூரை. அது முதலில்.

ஆனால் இடிப்பதற்கு முன்பு அளக்கலாம். ஊரிகத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் நாடாவும் காகிதமுமாக இறங்கினால், ஒவ்வொரு வகையிலும் ஒரு வீட்டின் வரைபடத்தை, சுவரின் கனம், கூரையின் உயரம், கதவின் அகலம் வரை எழுதிவைத்துவிட முடியும். எந்த வரிசை எந்த ஷாஃப்ட்டைச் சேர்ந்தது, எந்த ஊர்க்காரர்கள் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்ல வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு லைனின் ஓர் அறை, ஒரு குவார்ட்டர்ஸ், ஒரு பங்களா, ராபர்ட்சன்பேட்டையில் எண்ணிட்ட பலகைகளோடு ஒரு கடை. இந்த நான்கையும் பழுதுபார்த்து வைத்தால் போதும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகிறவருக்குத் தங்க வயலின் வரலாற்றைச் சொல்லத் தனியாக வழிகாட்டி தேவைப்படாது.

பங்களாவை மட்டும் காப்பாற்றுவது, கம்பெனியின் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்வதாகும். அந்தக் கணக்கில் லைன் எப்போதும் தற்காலிகச் செலவு. தட்டி வீடுகளை அந்தக் கணக்கு ஏற்கெனவே தின்றுவிட்டது.

இருட்டிய பின் ஊரிகத்தில் கடைசி ரயில்களில் ஒன்று வந்து நிற்கிறது. இறங்கிய கூட்டம் தண்டவாளத்தைத் தாண்டி நாலாபுறமும் பிரிகிறது. பங்களாப் பக்கம் போகிறவர்கள் அதிகம் இல்லை. லைன்களில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிகிறது. நீண்ட ஒரே கூரையின் அடியில், வரிசையாக, வீட்டுக்கொன்று.